ஒளிவிடும் சுண்டெலியின் பூர்வோத்தரம்

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் கிரான்பி என்று ஒரு சிற்றூர் உண்டு. 1900-ஆம் ஆண்டை ஒட்டி, அவ்வூரில் ஒரு சிறு பண்ணையை அமைத்துக்கொண்டு கோழி வளர்த்துப் பிழைக்கலாம் என்று வந்து சேர்ந்தார் ஆபி லேத்ரொப் என்னும் பெண்மணி. ஆசிரியத் தம்பதிகளின் மகளாக 1868-இல் இல்லினாய் மாகாணத்தில் பிறந்து, தாமும் சில காலம் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, ரத்தசோகை உடலை வாட்டியதனால் அந்த உத்தியோகத்தை விட்டவர் அவர். கோழி வியாபாரம் கைகொடுக்கவில்லை. அக்காலத்தில் பலர் ஆசைக்கு வளர்த்துவந்த விசித்திரச் சுண்டெலிகளை, அதாவது வெள்ளையும் சாம்பலும் பழுப்பும் புள்ளியுமாக நிறம் மாறிப் பிறப்பனவற்றையும், உட்செவியில் உள்ள பிறவிக் குறையொன்றினால் ஓயாமல் வட்டமிட்டுச் சுழலும் ஜப்பானிய நடன எலிகளையும் விருத்தி செய்து விற்பதென்று அவர் பிறகு தீர்மானித்தார். ஒரே ஒரு ஜோடி நடன எலியோடு தொடங்கிய அந்தத் தொழில் வளர்ந்து வளர்ந்து, ஒரு சமயத்தில் 11,000-க்கு மேற்பட்ட எலிகள் அவருடைய கொட்டகைகளில், வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிகளில், ஓட்ஸ் தானியமும் பிஸ்கோத்தும் தின்றுகொண்டு வாழ்ந்தன. ஊர்ச் சிறுவர்கள் மணிக்கு 7 சென்ட் கூலி வாங்கிக்கொண்டு பெட்டிகளைத் துப்புரவு செய்தார்கள்.

இன்று உலகத்தின் பெரிய ஆராய்ச்சிசாலைகளில் ஓர் அபூர்வமான சுண்டெலி வாழ்கிறது. பார்வைக்கு அது சாதாரண எலிதான். ஆனால் அதன் நரம்பையோ தசையையோ நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தக்க நிற ஒளியைப் பாய்ச்சினால், உயிரணுக்களின் உள்ளே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் மட்டும், கார்த்திகை இரவில் வீடுதோறும் ஏற்றிய அகல்களைப் போல, பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிகின்றன. அந்த எலி பெறும் குட்டிகளிலும் அவ்வொளி பரம்பரையாகத் தொடர்கிறது. இப்படிப்பட்ட பிராணியை மரபணு மாற்றத்தின் விந்தை என்று ஒரே வாக்கியத்தில் வியந்துவிட்டுப் போவது எளிது. அந்த வியப்பில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும் அதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனபோது, கிரான்பி ஊர்க் கொட்டகையும், பசிபிக் கடலோரத்தில் ஒரு படகுத்துறையும், தம் உழைப்பின் பலனைக் கடித உறையில் இட்டுப் பிறருக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிய ஒருவரும் எதிர்ப்பட்டார்கள். அந்த எலியின் ஒளி பல கைகள் மாறி வந்த ஒளி. அதில் சில கைகளை உலகம் சரியாக நினைவில் வைக்கவில்லை என்பதே இதை எழுதத் தூண்டியது.

லேத்ரொப் அம்மையார் வெறும் வியாபாரி அல்லர். எந்த எலிக்கு எந்த எலி ஜோடியாயிற்று, எத்தனை குட்டி, என்ன நிறம், எதனால் இறந்தது என்று வம்சாவளியை ஏடு ஏடாக எழுதிவைத்தவர். சில எலிகளின் தோலில் விபரீதமான புண்களும் கட்டிகளும் தோன்றக் கண்டு, அவற்றைப் பல விஞ்ஞானிகளுக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். பதில் தந்தவர்களுள் ஒருவர் பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த நோயியல் நிபுணர் லியோ லோப்; அவை புற்றுநோய்க் கட்டிகள் என்று கண்டவர் அவர். அதன்பின் இருவரும் கூட்டாக ஆராய்ந்தார்கள். கட்டி தோன்றும் விகிதம் வம்சத்துக்கு வம்சம் மாறுகிறது என்பதையும், பெண் எலியின் சூலகத்தை அகற்றினால் மார்பகக் கட்டி குறைகிறது என்பதையும் கண்டு, 1913 முதல் சுமார் பத்துக் கட்டுரைகளை இருவர் பெயரிலும் வெளியிட்டார்கள். சர்வகலாசாலைப் பட்டம் இல்லாத, பண்ணை நடத்திய ஒரு பெண்ணின் பெயர் அக்காலத்து மருத்துவ சஞ்சிகையில் ஆசிரியர் பெயராக அச்சேறியது சாமானியமான காரியம் அன்று. லோப் அவர்களின் நேர்மையையும் இவ்விடத்தில் போற்ற வேண்டும்.

பாஸ்டன் நகரத்தில், ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த பஸ்ஸி ஸ்தாபனத்தில் வில்லியம் எர்னஸ்ட் காஸில் என்ற பேராசிரியர் மெண்டலின் பரம்பரை விதிகளைப் பாலூட்டிகளில் சோதித்துக்கொண்டிருந்தார். 1900-இல் மெண்டலின் கட்டுரை மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்த புதிது அது. விதவிதமான நிறமுள்ள எலிகள் அவருக்கு வேண்டியிருந்தன. கிரான்பியில் அவை தயாராகக் கிடைத்தன. அவருடைய மாணாக்கர் கிளாரன்ஸ் குக் லிட்டில், 1909-இல் துணிந்து ஒரு காரியத்தில் இறங்கினார். ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்து, அவற்றின் குட்டிகளுக்குள்ளும் அவ்வாறே சேர்த்து, தலைமுறை தலைமுறையாக இதைத் தொடர்ந்தால், கடைசியில் எல்லா எலிகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் பரம்பரைக் கூறுகளில் ஒத்திருக்கும் என்பது அவருடைய எண்ணம். இப்படி ரத்த உறவிலேயே பெருக்கினால் வம்சம் நலிந்து அற்றுப்போகும் என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள். நலிந்தது உண்மை, பல ஈற்றுக் குட்டிகள் செத்தன, ஆயினும் ஒன்று நிலைத்தது. இருபது தலைமுறை இவ்வாறு சென்றால் தூய வம்சம் என்று இன்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

1921-இல் லிட்டில், லேத்ரொப் பண்ணையிலிருந்து வந்த எலிகளுள் 57 என்று எண்ணிட்ட பெண் எலியை 52 என்ற ஆணோடு சேர்த்தார். அந்த ஈற்றில் பிறந்த கறுப்புக் குட்டிகளின் சந்ததிதான், இன்று உலகெங்கும் மிகப் பரவலாக வழங்கும் சி57 கறுப்பு வம்சம். 2002-இல் சுண்டெலியின் மரபுத் தொகுதியைப் படித்து அதன் வரைவை வெளியிட்டபோது ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டது அந்த வம்சத்துப் பெண் எலியையே. ஒளிவிடும் எலிகள் பலவற்றையும் இவ்வம்சத்தோடு கலந்தே பேணிவருகிறார்கள். லேத்ரொப் 1918-இலேயே, தம் ஐம்பதாம் வயதில், இளமை முதல் தம்மை விடாத அந்தக் கொடிய ரத்தசோகையால் காலமாகிவிட்டார். ஈரலை உணவாகக் கொடுத்து அந்நோயைத் தணிக்கலாம் என்று மருத்துவ உலகம் அறிந்தது 1926-இல். எட்டே ஆண்டுகள்! பிறர் நோய்க்கு மருந்து காண உதவும் பிராணிகளை வளர்த்துக் கொடுத்தவருக்குத் தம் நோய்க்கு மருந்து காலத்தில் கிடைக்கவில்லை.

லிட்டில், மோட்டார் தொழிலதிபர்களின் பொருளுதவியோடு 1929-இல் மேய்ன் மாகாணத்தின் கடற்கரையில், பார் ஹார்பர் என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சிசாலையை நிறுவினார். உதவியவர்களுள் ஒருவரான ராஸ்கோ ஜாக்சன் அவ்வாண்டே இறந்ததனால் அவர் பெயரை அதற்கு இட்டார்கள். நாட்டின் பொருளாதாரம் சரிந்த அக்காலத்தில், தாம் வளர்த்த எலிகளைப் பிற ஆராய்ச்சிசாலைகளுக்கு விற்றுத்தான் அந்த ஸ்தாபனம் உயிர் பிழைத்தது. 1947 அக்டோபரில் காட்டுத்தீ பரவி வந்து கட்டடத்தையும், பல்லாயிரம் எலிகளையும், பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்த வம்சங்களையும் சாம்பலாக்கியது. அப்போது நிகழ்ந்தது என் மனத்தை மிகவும் கவர்ந்த சம்பவம்: முன்பு அங்கிருந்து எலிகளை வாங்கிச் சென்றவர்கள், பல ஊர்களிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும், அவற்றின் சந்ததியை ஜோடி ஜோடியாகத் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்தது திரும்பி வந்தது. அற்றுப்போயிருக்க வேண்டிய வம்சங்கள் மறுபடி தழைத்தன. லிட்டில் தம் பிற்காலத்தில், 1954 முதல், சிகரெட் கம்பெனிகள் ஏற்படுத்திய ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை விஞ்ஞானியாகி, புகைபிடிப்பதனால் புற்றுநோய் வருவது நிரூபணமாகவில்லை என்று வாதாடினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புற்றுநோயை ஆராயவென்றே ஓர் ஆலயம் எழுப்பியவர் அவ்வாறு செய்தது பெரும் பிழை.

எலி இவ்வாறு வந்தது. இனி, ஒளி ஏற்றப்பட்ட அந்த நுண்ணுறுப்புக்கு வருவோம்.

உயிரணுவுக்குள்ளே பொடிப்பொடியான மணிகளும் இழைகளும் இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார்கள். ரிச்சர்டு ஆல்ட்மன் என்ற ஜெர்மானியர் 1890-இல் அவற்றைத் தனித்த ஜீவ அலகுகள் என்றே கருதினார். இழை, மணி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மைட்டோகாண்டிரியா என்ற நாமகரணத்தை 1898-இல் செய்தவர் கார்ல் பெண்டா. நாம் உண்ணும் உணவை, சுவாசிக்கும் பிராணவாயுவின் துணையால் எரித்து, உயிரணுவுக்கு வேண்டிய சக்தியாக மாற்றித் தரும் அடுப்பு அது. அடுப்பு என்றாலும் போதாது. தனக்கென்று சொந்தமாக ஒரு சிறு மரபுத் தொகுதியை வைத்துக்கொண்டிருக்கும் அடுப்பு. மனிதனிடத்தில் அது 16,569 எழுத்துக்கள் கொண்டது. தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருவது. ஆயினும் அதனால் தானே செய்துகொள்ள முடிந்த புரதங்கள் 13 மட்டுமே. ஆயிரத்துக்குக் குறையாத மற்றப் புரதங்கள் உயிரணுவின் கருவிலிருந்து வரும் கட்டளைப்படி வெளியே தயாராகி உள்ளே அனுப்பப்படுகின்றன.

இந்த உறுப்பைப் பார்ப்பதில்தான் சிரமம் இருந்தது. 1900-இல் லியோனார் மிகேலிஸ் ஜேனஸ் பச்சை என்ற சாயத்தால் உயிருள்ள அணுவிலேயே அதற்கு நிறமேற்றிக் காட்டினார். பிற்காலத்தில் ரோடமீன் போன்ற ஒளிர்சாயங்களும் வந்தன. ஆனால் சாயம் என்பது வெளியிலிருந்து ஊட்டப்படுவது. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் அணுக்களுக்குள் எளிதில் புகும் சாயம், முழு உடம்போடு நடமாடும் ஒரு பிராணியின் மூளைக்குள்ளும் தசைக்குள்ளும் சீராகப் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் நெடுநேரம் தங்குவதில்லை. மிகுந்தால் நஞ்சாகவும் ஆகிறது. இறந்த உடலை மெல்லிய சீவல்களாக அரிந்து பார்ப்பதோ, ஆற்றின் ஓட்டத்தை ஒரு புகைப்படத்தில் தேடுவதைப் போன்றது. உயிரணுவே தன் கையால் செய்துகொள்ளும் ஒளி ஒன்று வேண்டியிருந்தது.

அந்த ஒளி கடலில் இருந்தது. ஒசாமு ஷிமோமுரா 1928-இல் பிறந்த ஜப்பானியர். 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள், பதினாறு வயதுப் பையனாக இஸஹாயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தபோது, நாகசாகியின்மேல் வெடித்த அணுகுண்டின் பிரகாசம் ஜன்னல் வழியே பாய்ந்து சற்று நேரம் அவர் கண்ணைக் குருடாக்கியது. மாலையில் வீடு திரும்பும் வழியில் கறுப்பு மழை பெய்து வெள்ளைச் சட்டை கறுத்தது. வாசலில் கண்ட பாட்டி உடனே அவரைக் குளிப்பாட்டிவிட்டார். கதிர்வீச்சு நோய் தம்மைத் தீண்டாததற்கு அந்தக் குளியலே காரணமாயிருக்கலாம் என்று அவர் பின்னாளில் எண்ணினார். அத்தனை கொடிய ஒளியைக் கண்ட அந்தக் கண்களே, ஒருவரையும் சுடாத குளிர்ந்த ஒளியின் ரகசியத்தைத் தேடுவதில் தம் ஆயுளைச் செலவிட்டன என்பதை நினைக்கும்போது என் மனம் கனிகிறது.

1961-ஆம் ஆண்டு கோடையில், பிரின்ஸ்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஃபிராங்க் ஜான்ஸனோடு அவர் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மோட்டாரில் பிரயாணம் செய்து, வாஷிங்டன் மாகாணத்தில் சான் வான் தீவின் ஃபிரைடே ஹார்பர் துறையை அடைந்தார். அங்கே ஈக்வோரியா என்ற ஜெல்லிமீன், நம் கரையில் சொறிமுட்டை என்கிறோமே அந்த ஜாதி, ஓட்டத்தோடு கூட்டங்கூட்டமாக மிதந்து வரும். உள்ளங்கை அகலக் கண்ணாடிக் குடை போன்ற அதன் விளிம்பைச் சுற்றிப் பச்சை ஒளிப்பொட்டுகள் வரிசையாக இருக்கின்றன. சிறு வலைகளால் அவற்றை வாரி, விளிம்பை மட்டும் வளையமாகக் கத்தரித்து, துணியில் இட்டுப் பிழிந்து சாறு எடுத்தார்கள். சாறு மங்கலாக ஒளிர்ந்து, சில மணி நேரத்தில் அணைந்துபோயிற்று. அந்த ஒளியை அணையாமல் நிறுத்திவைக்கும் வழி பல நாள் புலப்படவில்லை. தனியே ஒரு படகை எடுத்துக்கொண்டு போய், அலை ஆட்டும் திசையில் விட்டுப் படுத்தபடி யோசித்த ஷிமோமுராவுக்கு, புளிப்புத்தன்மையை மாற்றினால் ஒளி வினை நின்றுபோகுமோ என்ற எண்ணம் உதித்தது. செய்து பார்த்தார், நின்றது. புளிப்பை முறித்ததும் லேசாக ஒளி மீண்டது. சோதனை முடிந்து, மிச்சச் சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டி முழுவதும் நீலமாகப் பளீரென்று ஒளி வெடித்தது! மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அந்தக் கழுவுதொட்டிக்குள் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். கடல்நீரிலுள்ள சுண்ணச் சத்தான கால்சியமே விளக்கை ஏற்றும் விரல் என்பது அந்தக் கணத்தில் விளங்கியது.

அந்தக் கோடையில் சுமார் 10,000 ஜெல்லிமீன்களைப் பிழிந்து கிடைத்தது சில மில்லிகிராம் புரதம். ஈக்வோரின் என்று பெயர்பெற்ற அது நீல ஒளி தருவது. அதனோடு கூடவே, நீல ஒளியை வாங்கிப் பச்சை ஒளியாகத் திருப்பித் தரும் மற்றொரு புரதமும் வந்தது. 1962-இல் வெளியான கட்டுரையில் அதைப் பற்றி ஓரிரு வரிகளே இடம்பெற்றன. அந்த ஓரிரு வரிக்குரிய பொருளே பிற்காலத்தில் உயிர்நூலை மாற்றியமைத்த பச்சை ஒளிர்புரதம். ஷிமோமுராவும் அவர் மனைவி மக்களும் உதவியாளரும் ஆண்டுதோறும் கோடையில் அத்துறைக்குச் சென்று, மொத்தத்தில் 8,50,000 ஜெல்லிமீன்களைச் சேகரித்தார்கள்.

புரதத்தைப் பிழிந்து எடுத்தால் ஓர் ஆராய்ச்சிக்கு உதவும். அதன் மரபணுவைக் கண்டெடுத்தாலோ எந்த ஜீவனுக்குள்ளும் அதை விதைக்கலாம். மாசச்சூசெட்ஸில் உட்ஸ் ஹோல் கடலாய்வு ஸ்தாபனத்தில் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து 1992-இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். 238 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அப்புரதம் என்று வரையறுத்தவரும் அவரே. மேற்கொண்டு ஆராயப் பணம் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார்? அந்த மரபணுவைப் பூட்டிவைக்காமல், கேட்டவர்களாகிய மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் உறையில் இட்டு அனுப்பிவிட்டு, வேறு உத்தியோகம் தேடிப் போனார். சால்ஃபி அதைப் பாக்டீரியத்திலும் சிறு உருளைப்புழுவின் நரம்பிலும் ஒளிரச்செய்து 1994-இல் வெளியிட்டார். ஜெல்லிமீனின் வேறெந்தச் சத்தும் துணைக்கு வேண்டியதில்லை, அந்த ஒரே மரபணு போதும் என்பது அதனால் ருசுவாயிற்று. சியென் அதன் ஒளியைக் கூட்டியும், நிறத்தை நீலமாகவும் மஞ்சளாகவும் மாற்றியும் ஒரு வர்ணப்பெட்டியே செய்து தந்தார். 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அச்சமயம் பிராஷர் அலபாமா மாகாணத்தில் ஒரு மோட்டார் விற்பனை நிலையத்தில், வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் தம் செலவில் அவரையும் மனைவியையும் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துச் சென்றார்கள். சில ஆண்டு கழித்துச் சியென் தம் ஆராய்ச்சிசாலையில் அவருக்கு வேலையும் கொடுத்தார். மரபணுவைக் கொடுத்தவரும் மேன்மக்கள், அதை மறவாதவர்களும் மேன்மக்கள்.

இனி எஞ்சியது, அந்த ஒளியை மைட்டோகாண்டிரியாவின் வாசலுக்குள் செலுத்துவது. வெளியே தயாராகும் புரதங்கள் உள்ளே போக வேண்டுமென்று முன்பே சொன்னேன் அல்லவா? அவற்றுள் பலவற்றின் முனையில், தபாலுக்கு விலாசம் எழுதியதுபோல, அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு வால் இருக்கிறது. வாசலில் அதைப் படித்து உள்ளே விடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் வால் வெட்டப்படுகிறது. இத்தாலியின் பாதுவா நகரத்தில் ரோசாரியோ ரிஸ்ஸுத்தோ, துல்லியோ போஸ்ஸான் முதலியோர், சுவாச நொதியொன்றின் எட்டாம் கூறுக்கு உரிய விலாசத்தை எடுத்துப் பச்சைப் புரதத்தின் தலையில் ஒட்டினார்கள். 1995-இல் அவர்கள் வெளியிட்ட படங்களில், உயிருள்ள அணுவுக்குள் மைட்டோகாண்டிரியா வலைபின்னியதுபோல் ஒளிர்ந்து அசைந்துகொண்டிருந்தது. அந்த விலாசச் சீட்டையே இன்றுவரை பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள்.

ஓர் எலிக்கு இதை ஊட்டுவது எப்படி என்று பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். கருவுற்ற எலிமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விட்டமுடையது. நுண்ணோக்கியின் கீழ், மழுங்கிய முனையுள்ள ஒரு கண்ணாடிக் குழல் லேசாக உறிஞ்சி அதைப் பிடித்துக்கொள்ள, எதிர்ப்புறத்திலிருந்து மயிரிழையினும் மெல்லிய கண்ணாடி ஊசி வந்து, தந்தையின் கரு தாயின் கருவோடு கலக்குமுன்னே அதனுள் மரபணுக் கரைசலைச் செலுத்துகிறது. கரு சற்றே உப்புவதைக் கண்டவுடன் ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த முட்டையை ஒரு வளர்ப்புத்தாயின் கருக்குழாயில் வைத்தால் சுமார் இருபது நாளில் குட்டி பிறக்கும். பல முட்டைகளில் சிலதான் பிழைக்கும். பிழைத்தவற்றிலும் சிலவே புதிய மரபணுவை ஏற்றிருக்கும். யேல் சர்வகலாசாலையில் 1980-இல் நிலைபெற்ற முறை இது. ஜப்பானில் ஒஸாகா சர்வகலாசாலையின் மஸாரு ஒகாபேயும் அவர் குழுவினரும் இம்முறையாலேயே, ரோமமும் ரத்தச் சிவப்பணுவும் நீங்கலாக உடல் முழுதும் பச்சையாக ஒளிரும் எலியை 1997-இல் உண்டாக்கினார்கள்.

உடல் முழுதும் ஒளிர்ந்த எலிக்குப் பின், மைட்டோகாண்டிரியா மட்டும் ஒளிரும் எலி வர நெடுங்காலம் ஆகவில்லை. 2001-இல் தோக்கியோ ஆராய்ச்சியாளர்கள், விந்தணுவின் நடுப்பகுதியைச் சுற்றித் திருகுசுருளாக அமைந்த மைட்டோகாண்டிரியாவை ஒளிரச்செய்து, தந்தையுடைய அந்தச் சொத்து முட்டைக்குள் நுழைவதையும், சில நாட்களுக்குள் சுவடின்றி மறைவதையும் கண்ணால் கண்டார்கள். தாய்வழியே மட்டும் வருவது என்று கணக்கால் அறிந்திருந்த உண்மை பிரத்தியட்சமாயிற்று. 2007-இல் தாமஸ் மிஸ்கெல்டு, மார்ட்டின் கெர்ஷென்ஸ்டைனர், ஜெஃப் லிக்ட்மன் முதலியோர் நரம்பணுக்களில் மட்டும் இவ்வொளியை ஏற்றினார்கள்.

அந்த நரம்பைக் காணும் காட்சியை நான் எத்தனை முறை படத்தில் பார்த்தாலும் அலுப்பதில்லை. இருண்ட களத்தில் நரம்பிழை கண்ணுக்குத் தெரியாது. அதனுள் இருக்கும் மைட்டோகாண்டிரியா மட்டும் சிறுசிறு கோடுகளாகத் தெரியும். பல அசையாமல் நிற்கும். திடீரென்று ஒன்று புறப்பட்டு, நின்றவற்றைக் கடந்து, நரம்பின் முனையை நோக்கி ஓடும். எதிரே வேறொன்று உடலணுவை நோக்கித் திரும்பிவரும். நடுவழியில் ஒன்று நின்று, தயங்கி, மறுபடியும் கிளம்பும். அதன் வேகம் ஒரு விநாடிக்கு ஒரு மைக்ரான் அளவு. நம்முடைய முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை செல்லும் நரம்பிழை சுமார் ஒரு மீட்டர் நீளமுடையது. நில்லாமல் ஓடினாலும் அத்தூரத்தைக் கடக்க அதற்குப் பதினொன்றரை நாள் ஆகும். நாம் ஓரடி எடுத்துவைக்கும் ஒவ்வொரு கணமும் இத்தனை நெடிய வழிப்போக்கு நமக்குள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பார்வை வைத்தியத்துக்கும் பயன்பட்டது. நரம்பின் உறை அழியும் வியாதியை எலிகளில் உண்டாக்கி ஆராய்ந்த மிஸ்கெல்டும் கெர்ஷென்ஸ்டைனரும், நரம்பிழையின் உருவம் கெடுவதற்கு முன்பே அதனுள் மைட்டோகாண்டிரியா வீங்கி உருண்டுபோவதையும், அந்நிலையிலிருந்து நரம்பு தானாகவே தேறுவதும் உண்டு என்பதையும் 2011-இல் கண்டார்கள். சேதம் தொடங்கிவிட்டால் முடிந்தது என்று எண்ணியிருந்த இடத்தில் மீட்சிக்கு ஓர் அவகாசம் இருக்கிறது என்பது நோயாளிக்கு எத்தனை பெரிய செய்தி! 2012-இல் கலிபோர்னியாவில் டேவிட் சான் குழுவினர், பவளப்பூச்சி இனத்திலிருந்து எடுத்த டெண்ட்ரா என்ற புரதத்தை ஏற்றிய எலிகளை வெளியிட்டார்கள். ஊதா ஒளியைத் தொட்டுவைத்த இடத்தில் மட்டும் பச்சை சிவப்பாக மாறிவிடும். ஆகவே ஒரே மைட்டோகாண்டிரியனுக்குப் பொட்டிட்டு, அது எதனோடு சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று பின்தொடரலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் 2016-இல் செய்த எலியில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே இருக்கின்றன. பழுதான மைட்டோகாண்டிரியா உயிரணுவின் அமிலக் குப்பைத்தொட்டிக்குள் போய்ச் சேர்ந்ததும் பச்சை அணைந்து சிவப்பு மட்டும் நிற்கும். பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய பிங்க்1 என்ற மரபணு இல்லாவிட்டால் இந்தக் குப்பை அகற்றும் வேலையே நடக்காது என்று கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களைக் கொண்டு பலர் கருதியிருந்தார்கள். அம்மரபணுவை நீக்கிய எலியிலோ அவ்வேலை பெரும்பாலும் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது என்று 2018-இல் இதே எலி காட்டிவிட்டது. உயிருள்ள உடலைக் கேட்காமல் முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

உயிருள்ள உடலைக் கேட்பதென்றால், அந்த உடல் பெரும்பாலும் பிறகு இறக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்ட செயல். ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனையோ எலிகள் இருக்கின்றன. தேவைக்கு மேல் ஒன்றைக் கூடக் கொல்லாமலும், வலியில்லாமலும் இக்காரியத்தைச் செய்ய வேண்டியது அவற்றால் பயனடையும் நம் எல்லோருடைய கடன். ரஷ்யாவில், நொவோசிபிர்ஸ்க் நகரத்து மரபியல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் முன்னே, மூக்குக்கண்ணாடி அணிந்து மரபிழையைப் பின்னிக்கொண்டிருக்கும் ஓர் எலியின் வெண்கலச் சிலையை 2013-இல் நாட்டியிருக்கிறார்கள். அதைச் செய்தவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன்.

சியென் 2016-இல் மறைந்தார். ஷிமோமுரா 2018-இல், தம் இளமையில் எந்த நகரத்தின்மேல் அந்தக் கொடிய ஒளி வெடிக்கக் கண்டாரோ அந்த நாகசாகியிலேயே, தொண்ணூறாம் வயதில் காலமானார். கிரான்பிப் பண்ணை எலிகளின் சந்ததி கோடிக்கணக்கில் பெருகிவிட்டது. ஆபி லேத்ரொப் தம் கைப்பட எழுதிய வம்சாவளி ஏடுகள் பார் ஹார்பரில், ஜாக்சன் ஆராய்ச்சிசாலையின் பாதுகாப்பில் இருக்கின்றன.